குறுக்கும் நெடுக்கும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் ஏதேனும் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது நாம் பெரிதும் தயங்கினோம். திருக்குறளைப் பற்றியும் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் பேசுவதற்கு நம்மினும் கற்றோர் இவ்வவையில் பலர் உளர். மெட்ரிக் தேறிய கையோடு பள்ளிக்கூடத்திற்கு விடை கொடுத்துவிட்டு, ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டைக் கணக்கு எழுத வந்தவர் நாம். ஆயினும், இருபது ஆண்டுகளாக இரவுப் பணியில் நமக்குத் துணையாக இருந்து வரும் ஒரு பொருளைப் பற்றிப் பேச நமக்கும் சிறிது உரிமை உண்டு எனத் துணிந்தோம். அப்பொருள் குறுக்கெழுத்துப் புதிர். ‘இவ்வளவுதானா!’ என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரிக்கட்டும். இப்புதிரால் எம் குடும்பத்தில் ஒரு சங்கிலி போயிற்று. ஒருவர் அறுபது ஆண்டுக்கு மேலாகக் கட்டம் போட்ட காகிதத்தையே வீட்டுக்குள் விடவில்லை. அக்கதையும் இடையில் வரும்.

முதலில் இதன் பிறப்பைச் சொல்லிவிடுவோம். 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ‘நியூயார்க் வேர்ல்டு’ என்னும் அமெரிக்கப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் முதற்புதிரை வெளியிட்டார். அவர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்தவர். அக்கட்டம் இன்றுள்ளது போலச் சதுரமாக இல்லை. வைர வடிவில் இருந்தது. இதைப் படித்தபோது நமக்கு ஒரு மகிழ்ச்சி. டெல்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப் பாதையும், மும்பையிலிருந்து ஹௌராவுக்குச் செல்லும் பாதையும் சந்திக்கும் நம் நாக்பூரில், அப்பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் இடத்திற்கும் ‘டயமண்ட் கிராசிங்’ என்றுதானே பெயர்! பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டியிருப்பீர்கள். வடக்கே போகும் வண்டிக்கும் கிழக்கே போகும் வண்டிக்கும் அந்த ஓரிடம் பொது. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் இரண்டு சொற்களுக்குப் பொதுவாக இருப்பது போல.

1924ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இப்புதிர்களைத் தொகுத்து, பென்சிலும் சேர்த்துக் கட்டி, ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அது பெரும் பித்தாக நாடெங்கும் பரவியது. பால்டிமோர்–ஒஹாயோ ரயில்வேயார் பயணிகளின் வசதிக்காகத் தம் வண்டிகளில் அகராதிகளை வைத்தார்களாம். நம் வண்டிகளில் சங்கிலி போட்டுப் பிணைக்காமல் அகராதி வைத்தால் எந்த ஸ்டேஷன் வரை இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பித்து என்றோம். அந்தப் பித்து நம் நாட்டுக்கு வந்தபோது வேறொரு வேடம் பூண்டு வந்தது. பரிசு என்பதே அவ்வேடம்.

எம் பாட்டனார் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து, அந்நாளைய ஜி.ஐ.பி. ரயில்வேயில் குமாஸ்தாவாக நாக்பூரில் அமர்ந்தவர். 1954ஆம் ஆண்டளவில் அவருக்கு மாதச் சம்பளம் ரூபாய் அறுபது, பஞ்சப்படி வேறு. ஊரிலிருந்து தபாலில் வரும் ஒரு பத்திரிகையில் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி வெளியாகும். ஒரு கூப்பனுக்கு நாலணா நுழைவுக் கட்டணம். முதற்பரிசு ஆயிரக்கணக்கில். பாட்டனார் தமிழ் நன்கு கற்றவர், நிகண்டு மனப்பாடம். ‘இவ்வளவு கற்றவருக்கு இது எம்மாத்திரம்’ என்று அண்டை அயலார் சொல்ல, அவரும் நம்பினார்.

அவர் வைத்திருந்த குறிப்பேடு இன்றும் எம்மிடம் உள்ளது. அதில் ஒரு குறிப்பை நாம் மறக்க இயலாது. ‘இது இல்லாத வீட்டில் மகிழ்ச்சி இல்லை’ என்பது அக்குறிப்பு. மூன்று கட்டங்கள், பின்னிரண்டில் ‘ணம்’ என்பது அச்சிட்டே இருக்கிறது. முதல் எழுத்தை மட்டும் நாம் இட வேண்டும். அவையோர் சொல்லுங்கள்: பணமா, குணமா, மணமா? பணம் என்பார் உலகம் அறிந்தவர். குணம் என்பார் உத்தமர். மணம் என்பார், கலியாண வயதில் பெண்ணை வைத்திருப்பவர். மூன்றும் பொருந்தும். அந்தக் கட்டத்தின் மீது குறுக்கிட்டுச் செல்லும் வேறு சொல் ஒன்றும் கிடையாது. சரியான விடை எது என்பது, முன்கூட்டியே எழுதி முத்திரையிட்ட ஓர் உறைக்குள் இருக்கிறது. அந்த உறை எங்கோ ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

இவ்வாறு ஐயத்திற்கிடமான குறிப்புகள் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் பொருந்துமாயின் எத்தனை விதமாகக் கட்டத்தை நிரப்பலாம்? மூன்றை ஐந்து முறை பெருக்கினால் 243. பாட்டனார் இக்கணக்கைக் குறிப்பேட்டின் ஓரத்தில் போட்டிருக்கிறார். 243 கூப்பன், நாலணா வீதம், ரூபாய் அறுபதும் அணா பன்னிரண்டும். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விடப் பன்னிரண்டணா மிகுதி. அதன் கீழ் அவர் இரட்டைக் கோடு இட்டிருக்கிறார். கணக்குத் தவறவில்லை, ஐந்து என்று அவர் எண்ணியதுதான் தவறு. ஐயத்திற்கிடமான குறிப்புகள் ஏழு என்று முடிவு வெளிவந்த பிறகே தெரிந்தது.

அந்த மாதம் பாட்டியின் இரட்டைவடச் சங்கிலி சேட்டுக் கடைக்குப் போயிற்று. எம் தந்தையாருக்கு அப்போது ஆறு வயது. தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு அந்தக் கடைப்படியில் ஏறியதும், திரும்பி வரும் வழியில் அவர் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சுப் பழமும் நினைவிருப்பதாக ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். சங்கிலி மீளவில்லை. இரண்டு தவறுள்ள விடைக்கான ஆறுதற்பரிசாக ஒரு முறை ஏழு ரூபாய் மணியார்டர் வந்ததாம். அந்த ஏழு ரூபாயே பெருங்கேடாயிற்று. ஒன்றும் வராதிருந்தால் பாட்டனார் ஒருவேளை நிறுத்தியிருப்பார்.

இது எம் வீட்டில் மட்டும் நடந்ததன்று. நாடெங்கும் இந்நிலை கண்டே, 1955ஆம் ஆண்டில் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. 1956 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்தில் வழங்கும் பரிசுகளின் மொத்த மதிப்பு ஆயிரம் ரூபாயை மிஞ்சலாகாது. கூப்பன்கள் இரண்டாயிரத்துக்கு மேற்படலாகாது. அதற்குட்பட்ட போட்டிக்கும் உரிமம் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. போட்டி நடத்தியவர்கள் சும்மா இருப்பார்களா? உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 1957 ஏப்ரல் 9ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். ஆம், முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைப் போற்றிக் காத்து, 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற அதே பெரியவர்தாம். திறமையால் வெல்லும் போட்டி வேறு, சூதாட்டத்தின் தன்மையுள்ள போட்டி வேறு. இச்சட்டத்தின் தடை பின்னதற்கு மட்டுமே உரியது என்பது தீர்ப்பின் சாரம். சுருதியும் அபசுருதியும் பிரித்தறிந்த செவியல்லவா!

பாட்டியார் சட்டத்தையும் அறியார், நீதிமன்றத்தையும் அறியார். போட்டி நின்றது என்று கேட்ட அன்று பாயசம் வைத்தாராம். கழுத்தில் அப்போது மஞ்சள் கயிறு மட்டுமே இருந்தது.

எம் தந்தையார் தலையெடுத்த பின் வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது. குறுக்கெழுத்து என்னும் சொல்லும் கூடாது. நாளிதழில் அப்பகுதி வருமானால் முதலில் அதனைக் கிழித்தெடுத்துவிட்டே மற்றவர் கையில் தருவார். கிழித்த இடத்தின் மறுபக்கத்தில் கிரிக்கெட் செய்தி பாதி போய்விடும். சிறுவயதில் எமக்கு அதுவே பெருங்குறை.

பார்சல் ஆபீசுக்கு வந்த பிறகே நாம் இதனைக் கற்றோம். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே வண்டியில்லாத நேரம். ஓய்வு பெறும் நிலையிலிருந்த கார்டு ஒருவர், பயணிகள் விட்டுச் சென்ற ஆங்கிலத் தாள்களை எடுத்து வந்து புதிரை அவிழ்ப்பார். அவரிடம் நாம் கேட்ட முதற்கேள்வி, ‘விடை சரிதான் என்று எப்படித் தெரியும்? நாளைத் தாளில் வருமா?’ என்பதே. அவர் சிரித்து, ‘நாளைக்கு எதற்காகக் காத்திருக்க வேண்டும்? குறுக்கே போகும் சொல்லைக் கேள். அது சொல்லும்’ என்றார்.

பாட்டனாரின் தலைமுறையை ஏமாற்றியது புதிர் அன்று. சாட்சியில்லாத கட்டம் என்பது அன்றிரவுதான் எமக்கு விளங்கியது. நல்ல புதிரில் ஒரு சொல்லை நாம் ஊகிக்கிறோம். அது சரியாயின் அதன் குறுக்கே செல்லும் சொற்கள் ஒவ்வொன்றாக வழிவிடும். தவறாயின் அவையே தடுத்து நிறுத்தும். முத்திரையிட்ட உறை வேண்டா, நடுவர் வேண்டா.

நம் வேலையிலும் இதுவே நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அடைமழைக் காலத்தில், தெற்கேயிருந்து வந்த வண்டியிலிருந்து ஒரு மூட்டை இறங்கிற்று. மேலிருந்த சீட்டு நனைந்து மை கரைந்துவிட்டது. புறப்பட்ட ஊரைக் காட்டும் மேல்வரி முழுதும் போய்விட்டது. சேருமிடத்தைக் காட்டும் கீழ்வரியில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்தது. ஈரோட்டுக்குரிய குறியும் ஈ.டி.; இடார்சிக்குரிய குறியும் ஈ.டி. ஆங்கிலத்தில் இரண்டாம் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. உடன் பணிபுரிந்தவர், ‘தமிழ்நாட்டு மூட்டை போலிருக்கிறது, ஈரோட்டுக்கே திருப்பிவிடுவோம்’ என்றார். நாம் மூட்டையை முகர்ந்து பார்த்தோம். மஞ்சள் வாசனை. கொல்லர் தெருவில் ஊசி விற்பார் உண்டோ? ஈரோட்டுக்கு மஞ்சள் அனுப்புவார் யார்? இடார்சியாகவே இருக்கவேண்டும் என்று ஊகித்தோம். ஆனால் ஊகத்தை வைத்து மூட்டையை ஏற்றலாகாது. இடார்சிக்குத் தொலைபேசியில் பேசினோம். ஈரோட்டிலிருந்து நான்கு மூட்டை வரவேண்டிய இடத்தில் மூன்றே வந்தன என்றும், வியாபாரி காலையிலிருந்து வாசலில் நிற்கிறார் என்றும் பதில் வந்தது. எழுத்து, வாசனை, எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரே கட்டத்தில் வந்து பொருந்தின. மூட்டையை ஏற்றினோம். தவறாகத் திருப்பியிருந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையும் விளக்கக் கடிதமும் நம் தலையில் வந்திருக்கும்.

பெண்மணிகள் இதனை நம்மினும் நன்கு செய்வார்கள். வாசலில் கிடக்கும் செருப்பையும் கூடத்திலிருந்து வரும் இருமலையும் கொண்டே, வந்திருப்பவர் யார், காப்பி எத்தனை என்று அடுக்களையிலிருந்தபடி முடிவு செய்துவிடுகிறார்கள்.

நம் முன்னோருக்கும் இது புதிதன்று. 12ஆம் நூற்றாண்டினதாகிய தண்டியலங்காரத்தைப் புரட்டிப் பார்த்தால், இன்றைய ஆங்கிலப் புதிர்க்காரர் கையாளும் தந்திரங்கள் பலவும் சொல்லணியியலில் பெயரிட்டு வகுக்கப்பட்டிருக்கக் காணலாம். பல வினாக்களின் விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல் ஆவது வினாவுத்தரம். ஒரு சொல்லில் ஒவ்வோர் எழுத்தாக நீக்க வெவ்வேறு பொருள் தோன்றுவது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டப் பொருள் மாறுவது எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுள் ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். சுழிகுளம் என்பதில், எட்டெட்டு எழுத்தாக நான்கு வரி எழுதினால், நேராகப் படித்தாலும், மேலிருந்து இறங்கிச் சுற்றி உள்ளே சுழித்துப் படித்தாலும் அதே செய்யுள் வரும். கட்டம் என்ற பெயர்தான் இல்லை.

இவற்றை வைத்து நம் காலனிப் பிள்ளைகளுக்காக நாம் சில குறிப்புகள் அமைத்தோம். பெரியவர்களும் முயன்று பார்க்கலாம். ‘அநேகமும் உறைப்பும் சேர்ந்தால் தீபாவளித் தட்டு.’ ஐந்து எழுத்து. பல, காரம்; பலகாரம். ‘பூவின் தலையைக் கொய்தால் மான்.’ தாமரையில் முதலெழுத்து நீங்கினால் மரை. ‘மாமா மரம் ஏறினார், எந்த மரமென்று மறைத்தார்.’ நான்கு எழுத்து. இதற்கு விடை வேறெங்கும் இல்லை. அந்த வாக்கியத்திற்குள்ளேயே இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் இதற்குத் தென்னை, பனை, புளி என்று பத்து மரம் சொன்னார். எம் மகள், பதினொரு வயதுச் சிறுமி, மாமாவின் கடைசி எழுத்தை மரத்தோடு சேர்த்து மாமரம் என்றாள்.

குறிப்பு அமைப்பது எளிது. தமிழில் கட்டம் அமைப்பது கடினம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்து 26. நமக்கு 247. குறுக்குச் சொல்லில் ‘கா’ இருந்தால் நெடுக்குச் சொல்லிலும் ‘கா’வே வரவேண்டும், ‘க’வும் உதவாது, ‘கி’யும் உதவாது. அன்றியும் நம் சொற்களில் மிகப் பல புள்ளி பெற்ற மெய்யில் முடிகின்றன. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது என்பது இலக்கணம். ஆகவே ‘மரம்’ என்று முடித்த இடத்திலிருந்து ஒரு நெடுக்குச் சொல்லைத் தொடங்க வழியே இல்லை. மகரமெய்யில் முடியும் வேறொரு சொல்லையோ, அதனை இடையில் உடைய சொல்லையோ தேடி மேலிருந்து கொண்டுவந்து இறக்க வேண்டும். ஏழுக்கு ஏழு கட்டம் ஒன்றை முடிக்க எமக்குப் பதினோர் இரவு ஆயிற்று.

ஆயினும் அப்பாடு வீண்போகவில்லை. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் விருந்தாளியைக் கண்டது போல ஒதுங்கி நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் லகர, ளகர, ழகர வேறுபாட்டை எத்தனை முறை சொன்னாலும் மறுவாரம் மறந்து போகும். ஒரு நாள் எம் மகள் குறுக்கே ‘மளை’ என்று எழுதினாள். நாம் திருத்தவில்லை. நெடுக்கே உள்ள குறிப்பு, ‘இதன் இலையில் சோறு பரிமாறுவோம்’ என்பது. அவள் கட்டத்தில் அது ‘வாளை’ ஆயிற்று. வாளை என்பது மீன் என்று மட்டும் சொன்னோம். மீனின் இலையில் எப்படிச் சோறிடுவது என்று சிறிது நேரம் விழித்தாள். பிறகு தானே அழித்து ‘ழை’ என்று எழுதினாள். வாழையும் சரியாயிற்று, மழையும் சரியாயிற்று. அதன் பின் அவள் அச்சொற்களில் தவறியதில்லை.

இவை யாவும் சங்கத்தின் அறையில்தான் நடந்தன. வீட்டுக்குள் கட்டம் வரலாகாது என்னும் விதி அப்படியே இருந்தது. சென்ற தை மாதத்தில் அதை மீறியவள் எம் மகளே. முடியாத கட்டம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்து கூடத்து மேசைமேல் விரித்துவிட்டாள். நாம் பணியிலிருந்து திரும்பியபோது எம் தந்தையார் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி அதன் எதிரே அமர்ந்திருந்தார். எமக்கு நெஞ்சு படபடத்தது.

‘இந்தக் கூப்பனை எங்கே அனுப்ப வேண்டும்?’ என்று அவளைக் கேட்டார்.

‘எங்கேயும் அனுப்ப வேண்டாம், தாத்தா.’

‘கட்டணம் எவ்வளவு?’

‘கட்டணமா?’ அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

‘விடையை யார் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள்?’

‘உறையில் இல்லை, தாத்தா. கட்டத்திலேயே இருக்கிறது.’

அந்தக் கட்டத்தில் நாம் வேண்டுமென்றே பாட்டனாரின் பழைய குறிப்பை இட்டிருந்தோம். ‘இது இல்லாத வீட்டில் மகிழ்ச்சி இல்லை.’ மூன்று எழுத்து, பின்னிரண்டும் ‘ணம்’. ஆனால் வெறுமையாயிருந்த முதற்கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் இறங்கியது. ‘போருக்கும் போகும், கலியாண ஊர்வலத்துக்கும் வரும்’ என்பது அதன் குறிப்பு. மூன்று எழுத்து, கடைசியில் ‘ரை’ என்பது வேறொரு சொல்லால் முன்னமே நிரம்பியிருந்தது. நாக்பூரில் மாப்பிள்ளை ஏறி வராத கலியாணம் உண்டா?

தந்தையார் குறுக்குக் குறிப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய குறிப்பு என்பது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, நாம் கேட்கவில்லை. பிறகு விரலை நெடுக்கே கொண்டு சென்றார். ‘குதிரை’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பேத்தியின் கையிலிருந்து பென்சிலை வாங்கி முதற்கட்டத்தில் ‘கு’ என்று எழுதினார். எழுபது ஆண்டுகளாக மூடிக் கிடந்த உறை ஒன்று பிரிந்தது போல எமக்குத் தோன்றிற்று. அவரோ அடுத்த குறிப்புக்குப் போய், அதில் ஓர் இலக்கணப் பிழை இருப்பதாக எம்மைக் கடிந்துகொண்டார். பிழை இருந்தது உண்மையே.

அவர் திருத்திக் கொடுத்த அக்கட்டம் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் வெளியாகிறது. பரிசு இல்லை, கூப்பனும் இல்லை. விழா முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் குடும்பமாக அமர்ந்து பார்க்கலாம். பென்சில் மட்டும் செயலாளரிடம் கேட்காதீர்கள்; அவரிடம் இருந்த இரண்டையும் நாம் முன்னமே வாங்கிவிட்டோம்.